கூட்டத்தில் நான் கொடுத்த டெமோ காப்பி

1. மெய்யம்மை கேட்ட கேள்வி

“அக்கா, எங்க வீட்டு ஆளுகளை உங்க டூல்ல ஏத்துனா என்னக்கா ஆகும்?”

மெய்யம்மை இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. டேட்டாபேஸ் வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. பதறிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. சர்வர் புகைந்திருக்கிறது, தேர்வு முடிவு வெளியாகும் காலையில் டேபிள் பூட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சனிக்கிழமைக்கு எதுவும் ஈடில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் சாமர்த்தியக் கதைகளைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உங்களுக்கு உதவப்போவது இந்தக் கதைதான்.

முதலில் எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை காலையில் கூடுவோம். பதினைந்து இருபது பேர் வருவோம். எல்லோரும் டேட்டாபேஸ் பார்க்கிறவர்கள்தான். பெரிய கம்பெனி ஆட்கள் ஒருவரும் கிடையாது. நான் ஒரு தனியார் கல்லூரியில் மாணவர் விவரங்களைப் பார்க்கிறேன். பாண்டியன் அண்ணன் கறம்பக்குடிப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் இருக்கிறார். ஜாபர் அறந்தாங்கியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரங்களைப் பார்க்கிறான். மெய்யம்மை திருமயத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி, சீட்டு முன்பதிவு செய்யும் ஒரு பஸ் கம்பெனியில் வேலை. அவரவர் ஆபீஸில் இந்த வேலைக்கு அவரவர் மட்டும்தான். ஒரு சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்கப் பக்கத்து நாற்காலியில் ஆள் கிடையாது. அதனால்தான் இந்தக் கூட்டம்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருவர் தான் எழுதிய டூல் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்தவர்கள் பென் டிரைவில் காப்பி எடுத்துப் போவார்கள். அடுத்த மாதம் வந்து, தங்கள் இடத்தில் அது எப்படி ஓடியது என்று சொல்வார்கள். நன்றாக ஓடியதென்றால் கைதட்டல். கூடவே உளுந்த வடை, டீ.

போன மாதம் டூல் காட்டியது நான். இந்த மாதம் அது எப்படி ஓடியது என்று ஜாபர் சொல்லி முடித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டான். அதன் பிறகுதான் மெய்யம்மை கேட்டாள்.

2. டூல்

என் கல்லூரியில் ஒரு தொல்லை. ஒரே பையன் மூன்று முறை விண்ணப்பம் போடுவான். அப்பா ஒரு முறை போடுவார், இன்டர்நெட் சென்டரில் ஒரு முறை போடுவார்கள், பயத்தில் அவனே ஒரு முறை போடுவான். டேபிளில், அதாவது விவரப் பட்டியலில், அவன் மூன்று வரியாக, மூன்று ஆளாக நிற்பான். இந்த மூவரையும் ஒருவனாக்கத்தான் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்னப் புரோகிராம், எழுதினேன்.

அதன் வேலை எளிமையானது. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, போன் நம்பர் நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள். பழைய வரியில் இருப்பதையெல்லாம் புதிய வரிக்கு மாற்றிவிட்டுப் பழையதை அழித்துவிடும். இரண்டு வரியிலும் ஒரு விவரம் வேறு வேறாக இருந்தால், கடைசியாகப் பதிந்ததை வைத்துக்கொள்ளும். எதை எதோடு சேர்த்தது என்று ஒரு லாக் ஃபைலில் எழுதியும் வைக்கும். தப்பாகச் சேர்ந்துவிட்டால் அந்த லாகைப் பார்த்துப் பிரித்துவிடலாம்.

கூட்டத்தில் காட்டப் போகிறோமே என்று முதல் நாள் வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். லாக் எழுதுவதால் கொஞ்சம் மெதுவாக ஓடியது. எல்லோர் முன்னாலும் சட்டென்று ஓடி முடிய வேண்டும் என்று ஆசை. லாக் எழுதும் நான்கு வரிகளையும் கமெண்ட் செய்துவைத்தேன். கமெண்ட் என்றால் அந்த வரி ஃபைலில் இருக்கும், ஆனால் ஓடாது. டெமோ முடிந்ததும் கமெண்ட்டை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

டெமோ பிரமாதமாக ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான வரிகள் சுத்தமாயின. “மேடம், பின்னிட்டீங்க!” என்றார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. ஆளாளுக்குப் பென் டிரைவை நீட்டினார்கள், ஆளாளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். கொடுத்ததெல்லாம் டெமோ காப்பி என்பது அந்த மகிழ்ச்சியில் மறந்தே போய்விட்டது.

அடுத்த வாரம் ஜாபர் போன் செய்தான். நான் அப்போது காய்கறிக் கடையில் ஒரு கையில் பை, ஒரு கையில் கத்தரிக்காயோடு நின்றிருந்தேன்.

“அக்கா, எங்க ஆஸ்பத்திரி டேபிள்ல டேட் ஆஃப் பர்த் கிடையாதுக்கா. வயசு மட்டுந்தான் எழுதுறாங்க. அந்த எடத்துல வயசப் போட்டுக்கிறவா?”

“போட்டுக்க தம்பி” என்றேன்.

இரண்டே இரண்டு சொல். ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. என் கையிலிருந்த கத்தரிக்காயைப் புழு இருக்கிறதா என்று அதைவிட அதிக நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

3. ஒரே பெயரில் ஐந்து பேர்

மறுபடி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மெய்யம்மை சொன்னாள் (அவள் பேச்சில் அப்பச்சி என்றால் அப்பா, ஐயா என்றால் தாத்தா): “எங்க அப்பத்தா பேரு மெய்யம்மை. எங்க அப்பச்சியோட பொறந்தவுக நாலு பேரு. அஞ்சு வீட்லயும் அப்பத்தா பேரைத்தான் பொண்ணுக்கு வச்சிருக்காக. அஞ்சு மெய்யம்மைக்கா நாங்க! அதுல எனக்கும் இன்னொருத்திக்கும் ஒரே வயசு. அவுக அப்பச்சிக்கும் எங்க அப்பச்சிக்கும் இங்கிலீஷ்ல ஒரே எழுத்து. ஆஸ்பத்திரி, பேங்க்னு எங்கிட்டுப் போனாலும் எங்க ஐயா போன் நம்பரத்தான் குடுப்போம். அப்ப உங்க டூலு எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிருமாக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜாபரைப் பார்த்தேன். அவன் முகத்திலும் சிரிப்பு அப்போதுதான் வடிந்துகொண்டிருந்தது.

“ஜாபர், ஒங்க டேபிள்ல என்னென்ன கட்டம் இருக்கு?”

“பேரு, வயசு, போன், அட்ரஸ், பிளட் குரூப், அலர்ஜி…”

அலர்ஜி என்ற சொல்லோடு அவன் நிறுத்திக்கொண்டான்.

அறந்தாங்கிப் பக்கம் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வெளியே இருப்பார்கள். இரண்டு மருமகள்களும் பிள்ளைகளோடு மாமனார் வீட்டில் இருப்பார்கள். ஆஸ்பத்திரியில் நம்பர் கேட்டால் மாமனார் நம்பரைச் சொல்வார்கள், ஏனென்றால் மாறாத நம்பர் அதுதான். பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி பெயர். ஒரே தெரு, ஒரே வயது. இது எனக்குத் தெரியாததா? நானும் இதே மாவட்டத்துக்காரிதானே? என் சித்தப்பா வீட்டிலேயே ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனாலும் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்ததும் நான் வேறு ஊர்க்காரி ஆகிவிட்டேன்.

இப்படி இரண்டு பேர் ஒருவராகிவிட்டால் அலர்ஜி கட்டத்தில் எது நிற்கும்? கடைசியாகப் பதிந்தது நிற்கும். ஒருத்திக்கு ஒரு மருந்து ஆகாது, இன்னொருத்திக்கு ஒன்றும் இல்லை என்றால், ‘ஒன்றும் இல்லை’ என்பது ‘ஆகாது’ என்பதை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். அதை நம்பி யாராவது ஊசி போடுவார்கள்.

“லாக் ஃபைல் எங்க தம்பி?” என்றேன்.

“லாக் எதுவும் வரலையேக்கா. டூல்லயே இல்லைன்னு நெனச்சேன்.”

அப்போதுதான் அந்த நான்கு வரிகள் எனக்கு ஞாபகம் வந்தன. “பேக்கப்?” என்றேன்.

“வாரா வாரம் அதே டிஸ்க்லதான் மேல எழுதுவோம். ஓட்டி மூணு வாரம் ஆச்சுக்கா.”

ஜாபருக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கு வேலை போயிரும்க்கா” என்றான்.

“வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம்டா!” என்று கத்தினேன். பாவம், அவன் மேல் எரிந்துவிழ எனக்கு என்ன உரிமை இருந்தது? பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். இன்றும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரி சர்வருக்குள் வெளியிலிருந்து நுழைய வழி கிடையாது. அது நல்ல பாதுகாப்பு ஏற்பாடுதான், அன்றைக்கு மட்டும் எங்களுக்கு எமனாக வந்தது. அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் தலைமை நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன் போட்டு ஜாபர் என்னிடம் கொடுத்தான்.

“சிஸ்டர், கம்ப்யூட்டர்ல அலர்ஜின்னு இருக்குற கட்டத்த இன்னைக்கு நம்பாதீங்க. வாயால கேட்டுட்டு ஊசி போடுங்க.”

“எப்பவும் கேட்டுத்தான் போடுறோம் மேடம். கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு?”

“சின்னத் தப்பு ஒண்ணு. வந்துக்கிட்டே இருக்கோம்.”

சின்னத் தப்பாம்! நாங்கள் வரும்வரை எல்லா ஊசியையும் நிறுத்திவையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று கூசினேன். இத்தனை வருட அனுபவம், மேடம் என்ற மரியாதை எல்லாம் சேர்ந்து என் வாயைப் பொத்தின. அந்தப் போனை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் வெறுப்பு வருகிறது.

4. கெட்டிப் பாலும் தண்ணிப் பாலும்

பாண்டியன் அண்ணன் தன் பழைய காரை எடுத்தார். ஜாபர் முன்னால், நான் பின்னால். மெய்யம்மை கூட்டத்திலேயே இருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டபடி இருப்பது என்று ஏற்பாடு.

காரில் ஏறிய பிறகுதான் இன்னொரு உண்மை உறைத்தது. அங்கே போய் எதைத் தேடுவது? தப்பாகச் சேர்ந்தவர்கள் யார் என்று கண்டுபிடிக்க லாக் இல்லை, பழைய வரிகளும் இல்லை. டேபிளில் எல்லோரும் முழுசாக, ஒற்றை ஆளாக, சுத்தமாக இருப்பார்கள். அவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்திருந்தேன்.

முன்னால் ஆவுடையார்கோவில் பஸ் ஒன்று வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. பாண்டியன் அண்ணன் ஹாரனை அழுத்திக்கொண்டே கேட்டார்.

“ஆளுகள சேத்துட்டீங்க சரி. அவுக வந்து போன கணக்கு இருக்கா? எந்த நாள் வந்தாக, என்ன பாத்தாகன்னு?”

“அது வேற டேபிள்ணே. விசிட் டேபிள். அதுல எதையும் அழிக்கல. எல்லா விசிட்டையும் ஒரே ஆள் நம்பர்ல சேத்துருச்சு, அவ்வளவுதான்.”

“அப்பப் புடிச்சிரலாங்க. எங்க சொசைட்டில ஒரே மெம்பர் நம்பர்ல பாலு ஒரு நாள் கெட்டியா, ஒரு நாள் தண்ணியா மாறி மாறி வந்தா, ரெண்டு வீட்டுப் பாலு ஒரே நம்பர்ல வருதுன்னு தெரிஞ்சுக்கிருவோம். மனுசனுக்கு அப்படி மாறக்கூடாதது ஏதாச்சும் எழுதுவாங்கல்ல?”

மெய்யம்மை எங்கள் போன் ஸ்பீக்கரில் இருந்தாள். “எடைக்கா! சின்னப் புள்ளைகன்னா வெயிட் ஏறத்தானே செய்யும்? ஏறி எறங்கி ஏறி எறங்கி வந்துச்சுன்னா அது ரெண்டு புள்ளை!”

“லேப் டேபிள்ல பிளட் குரூப் தனியா இருக்குக்கா” என்றான் ஜாபர். “ஒரே நம்பருக்கு ரெண்டு பிளட் குரூப் வந்தாலும் அது ரெண்டு ஆளு.”

காரில் போய்க்கொண்டே, ஒரு பழைய பால் ரசீதின் பின்பக்கம் அந்தக் குவரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்க வேண்டிய கேள்வியை, எழுதினேன். வண்டி குலுங்கியதில் பாதி எனக்கே புரியவில்லை, அதனால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொன்னேன். மெய்யம்மை அங்கே அதைத் தன் லேப்டாப்பில் அடித்து, பிழை பார்த்து, ஜாபரின் போனுக்கு அனுப்பினாள். எங்கள் கூட்டம் நடந்த நாட்களிலேயே உருப்படியான கூட்டம் அந்தக் காருக்குள் நடந்ததுதான் என்று பிற்பாடு தோன்றியது. அப்போது அப்படியெல்லாம் தோன்றவில்லை. யார் அந்தப் படுக்கையில் கிடக்கிறார்களோ என்ற ஒரே நினைப்புத்தான்.

5. சின்னவள்

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றாகப் பத்து நிமிடம். மாடிப்படிக்குக் கீழே இருந்தது ஜாபரின் அறை. அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தான். மூன்றாவது முறை உள்ளே போனோம். குவரி ஓடியது.

பன்னிரண்டு நம்பர்கள் வந்தன. எங்கள் ஊர்ப் பெயர்கள்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு மனிதர்கள்.

“இன்னைக்கு அட்மிட் ஆனவங்க லிஸ்ட்டோட சேத்துப் பாரு.”

பன்னிரண்டில் ஒன்று மட்டும் மிஞ்சியது. எம். முத்துலட்சுமி, வயது ஒன்பது. டான்சில் ஆபரேஷன், ஒன்றரை மணி. சனிக்கிழமை மட்டும் திருச்சியிலிருந்து வரும் டாக்டர் செய்கிறார். அலர்ஜி கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்தது.

அவள் நம்பரில் இருந்த விசிட்டுகளைத் திறந்தேன். எடைகளைப் பார்த்தேன். பதினேழு கிலோ, இருபத்துநான்கு, பதினெட்டு, இருபத்தாறு, பத்தொன்பது. ஒல்லியாக ஒரு பிள்ளை, பூசினாற்போல ஒரு பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முந்தைய விசிட் ஒன்றில் டாக்டர் எழுதிய குறிப்பு இருந்தது. பென்சிலின் வகை ஊசிக்கு டெஸ்ட் டோஸ் போட்டதிலேயே மூச்சுத் திணறல், இனி டெஸ்ட் டோஸ்கூடப் போட வேண்டாம். அந்த விசிட்டில் எடை பதினெட்டு. ஒல்லியான பிள்ளை.

“இன்னைக்கு எடை என்ன ஜாபர்?”

“இருபதுக்கா.”

நான் ஓடினேன். ஐம்பது வயதுக்கு மேல் படியில் ஓடுகிறவள் நான் இல்லை. முழங்கால் வலி அன்று எங்கே போனதென்று தெரியவில்லை. மாடி வார்டில் சிஸ்டர் ஸ்டெல்லா டிரேயோடு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். டிரேயில் டெஸ்ட் டோஸுக்கான சின்ன ஊசி. கட்டிலில் இரட்டைச் சடையோடு ஒரு மெலிந்த பெண், காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம் சிஸ்டர்! போடாதீங்க!”

வார்டே திரும்பிப் பார்த்தது. சிஸ்டருக்குக் கோபம். “என்ன மேடம் இப்படிக் கத்துறீங்க? நீங்க சொன்னபடி கேட்டாச்சு. அலர்ஜி எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேட்டேன். “இது உங்க பிள்ளையாம்மா?”

“எங்க கொழுந்தன் மகதாங்க. அவ ஆத்தா கைப்புள்ளைக்குக் காச்சல்னு வீட்ல இருக்கா. நாந்தான் கூட்டியாந்தேன்.”

“உங்க பிள்ளை பேரு?”

“அவளும் முத்துலட்சுமிதாங்க. அவ பெரியவ, இது சின்னவ. எங்க மாமியா தவறுன வருசம் பொறந்ததுக ரெண்டும். அதான் ரெண்டுக்கும் அவுக பேரு.”

சின்னவளின் தாய்க்குப் போன் போடச் சொன்னேன். சிஸ்டர் ஸ்பீக்கரில் வைத்து, என்ன ஊசி என்று சொன்னார்.

“அய்யய்யோ, அந்த ஊசி அவளுக்கு ஆகாதுங்க!” என்று அலறியது அந்தக் குரல். “போன தடவ மூச்சுவிட முடியாம நீலம் பாரிச்சுப் போனா. அப்பவே எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டீங்களே! கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம், இனிமே நீங்க ஞாபகம் வச்சுச் சொல்லணும்னுகூட இல்லைன்னு சொன்னீங்களே! அதனாலதாங்க அக்காகிட்டக்கூட நான் சொல்லிவிடல!”

சிஸ்டர் டிரேயை மெதுவாக மேஜையில் வைத்தார். அந்தப் பெண் மட்டும், “ஊசி இல்லையா பெரியம்மா?” என்று சந்தோஷமாகக் கேட்டாள். அந்தக் கட்டிலிலேயே அவள் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

6. பெரிய டாக்டரின் அறை

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வேறு மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் தள்ளி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குள் ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

“யாரக் கேட்டு என் பேஷண்ட் டேட்டால கை வச்சே?” என்று ஜாபரிடம்தான் ஆரம்பித்தார்.

“எழுதுனது நான் சார்” என்றேன். “வயசப் போட்டு ஓட்டச் சொன்னதும் நான். லாக் இல்லாத காப்பியக் குடுத்ததும் நான்.”

“நீங்க எங்கம்மா வேலை பாக்குறீங்க?”

“காலேஜ்ல சார்.”

“அங்க இது தப்பாப் போனா என்ன ஆகும்?”

“ஒரு பையனுக்கு ஹால் டிக்கெட் வராது சார். ஆபீஸ்ல வந்து சண்டை போடுவான். சரிபண்ணிக் குடுப்போம்.”

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. என் பதிலை என்னையே கேட்க வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜாபருக்கு வேலை போகவில்லை. மிச்சமிருந்த பதினொரு நம்பரையும் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாயங்காலம்வரை இருந்தோம். பழைய காகித ஃபைல்களை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, “உங்க வீட்ல இந்தப் பேர்ல எத்தனை பேரு இருக்கீங்க?” என்று கேட்டுப் பிரித்தோம். எடையிலும் ரத்தத்திலும் மாட்டாமல் தப்பியவர்கள் யாராவது இருக்கலாம் என்ற பயம் போகவில்லை. அதனால் வருகிற ஒவ்வொருவரிடமும் அலர்ஜியைப் புதிதாகக் கேட்டு எழுத வேண்டும் என்று வரவேற்பில் எழுதி ஒட்டினார்கள். பல மாதங்கள் வரை அறந்தாங்கியிலிருந்து போன் வந்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

7. அடுத்த இரண்டாம் சனிக்கிழமை

அடுத்த கூட்டத்துக்குப் போகவே கூடாது என்று இருந்தேன். பாண்டியன் அண்ணன்தான் போன் செய்தார். “யானைக்கும் அடி சறுக்கும்ங்க, வாங்க” என்றார். “யானை சறுக்குனா யானைக்குத்தான் அடிபடும்ணே” என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் போனேன்.

எழுந்து நின்று, நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்காய்க் கடையில் சொன்ன இரண்டு சொல்லையும், ஸ்டெல்லா சிஸ்டரிடம் ‘சின்னத் தப்பு’ என்று மழுப்பியதையும் சேர்த்துத்தான் சொன்னேன். காப்பி எடுத்த மற்றவர்கள் அதை அழித்துவிட வேண்டும் என்றேன். இனிமேல் என் டூல் எதையும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை என்றும் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஜாபர் எழுந்தான்.

“அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா. எங்க ஆஸ்பத்திரில டூப்ளிகேட் இன்னும் இருக்கு. ஒரே ஆளு மூணு நம்பர்ல இருக்காரு. ஒரு நம்பர்ல சுகர்னு இருக்கு, மத்த ரெண்டுல இல்லை. அதுவும் ஆபத்துதானேக்கா? திருத்துன காப்பி எப்பத் தருவீங்க?”

சுட்டுக்கொண்டவனே கேட்கிறான்.

திருத்திக் கொடுத்தேன். அதற்கு இரண்டு மாதம் பிடித்தது. கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆட்களின் பெயர், இனிஷியல், வயது, போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்கள். அதில் போட்டுத்தான் ஓட்டிப் பார்த்தோம். மெய்யம்மை ஐந்து மெய்யம்மைகளையும் கொடுத்தாள். இப்போது எங்கள் கூட்டத்தில் எந்த டூல் வந்தாலும் முதலில் இப்படித்தான். எங்கள் சொந்தக்காரர்களைத் தாண்டித்தான் அது வெளியே போக வேண்டும். டூல் கொண்டுவருகிறவர் அது யாரிடம் தோற்கும் என்று அவரே முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்வரை கைதட்டல் கிடையாது.

புதிய ஸ்கிரிப்ட் யாரையும் தானாகச் சேர்ப்பதில்லை. இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். சேர்க்கலாம் என்று சொல்ல, அந்த வீட்டுக்குப் போன் செய்து கேட்ட ஒரு மனிதரின் பெயரை அதில் அடிக்க வேண்டும். லாக்கை நிறுத்த முடியாது. மெதுவாகத்தான் ஓடும்.

பிள்ளைகளே, என் டேபிளில் உண்மையாக இருந்தது அடுத்தவர் டேபிளிலும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். நான் கற்ற பாடம் இதுதான். டூலைக் கொடுப்பதற்கு முன்னால், அது போகும் இடத்தில் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதில் ‘ஹால் டிக்கெட் வராது’ என்பதாக இருந்தால் கொடுங்கள். வேறாக இருந்தால் கத்தரிக்காயைக் கீழே வையுங்கள்.

அந்த ஸ்கிரிப்டின் முதல் வரி ஒரு கமெண்ட். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, திறக்கிறவர் படித்தே ஆகவேண்டும். சின்னவளின் தாய் சொன்னதுதான் அது. ‘கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம்னு சொன்னீங்க, அதனாலதான் நான் யார்கிட்டயும் சொல்லல’ என்று அதில் எழுதியிருக்கிறேன்.